குடியாத்தம் சாலை

வேலூரைப் பற்றி ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று அந்த ஊரின் குறைகளை விரல் மடக்கி எண்ணுவார்கள். இவற்றில் கோயில் விஷயம் 1981-ஆம் வருஷத்தோடு தீர்ந்தது. ஜலகண்டேசுவரர் கோட்டைக்குள் தம் சந்நிதிக்கே திரும்பி வந்துவிட்டார். கோட்டையில் ராஜா இல்லை என்பதை இந்தக் காலத்தில் யாரும் குறையாகச் சொல்லமாட்டார்கள். மிச்சம் இருப்பது பாலாறு ஒன்றுதான். 2021 நவம்பரில் அது இரு கரையும் புரள ஓடி, ஊரையே பயமுறுத்திவிட்டுப் போயிற்று. ஆனாலும் அதைப் பற்றிய பழமொழி மாறவில்லை. அந்த ஆற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இத்தனை இல்லைகளை உடைய ஊருக்கு வருகிறவர்களோ கணக்கில் அடங்கமாட்டார்கள். காட்பாடி ஜங்ஷனில் ஒரு நாள் காலையில் நின்று பாருங்கள். வங்காளத்திலிருந்தும், அஸ்ஸாமிலிருந்தும், ஜார்க்கண்டிலிருந்தும், எல்லை தாண்டி வங்கதேசத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக மனிதர்கள் இறங்குவார்கள். ஒரு கையில் துணி மூட்டை, மறு கையில் எக்ஸ்ரே படங்கள் அடங்கிய பெரிய உறை. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளி எழுத்தில் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. அவர்கள் தேடி வருவது கிறிஸ்துவ வைத்தியக் கலாசாலையை. சுருக்கமாக, சி.எம்.சி.

இந்த ஆஸ்பத்திரி தோன்றிய கதை பலருக்குத் தெரிந்ததுதான். ஆகையால் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் 1870-ஆம் வருஷம் ராணிப்பேட்டையில் பிறந்தவள். பாட்டனார் 1819-இல் இலங்கைக்கு வந்த மிஷனரி டாக்டர், தகப்பனாரும் டாக்டர். இந்த வெயிலும் பஞ்சமும் தனக்கு வேண்டாம், அமெரிக்காவிலேயே இருந்துவிடுவோம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். 1890-களில், திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்த ஓர் இரவில், மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவர் வேறொரு ஹிந்து. மூவர் வீட்டிலும் பிரசவ வேதனை. தகப்பனார் டாக்டர் இருக்கிறார் என்று சொன்னதற்கு, ஆண் டாக்டர் வேண்டாம், பெண்தான் வரவேண்டும் என்றார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

கதை எழுதுகிறவன் ஒருவன் இதைக் கற்பனையில் எழுதியிருந்தால், ஒரே ராத்திரியில் மூன்று பேரா, கொஞ்சம் மிகையாக இருக்கிறதே என்று பத்திரிகாசிரியர் ஒன்றை வெட்டியிருப்பார். வாழ்க்கைக்கு அப்படிப்பட்ட பத்திரிகாசிரியர் கிடையாது. ஐடா அமெரிக்கா சென்று, கார்னெல் சர்வகலாசாலையில் 1899-இல் டாக்டர் பட்டம் பெற்று, 1900-ஆம் வருஷம் ஜனவரியில் திரும்பி வந்தார். அதே வருஷம் தகப்பனார் காலமானார். வேலூரில் ஒரே ஒரு கட்டிலுடன் வைத்தியம் தொடங்கிற்று. நியூயார்க் பாங்க் முதலாளி ஒருவர் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த பத்தாயிரம் டாலரில், 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி 1902-இல் எழுந்தது.

இதுவரை எல்லாரும் சொல்லும் கதை. நான் சொல்ல விரும்புவது இதற்கு அடுத்த அத்தியாயம். அது ஆஸ்பத்திரிக்குள் நடக்கவில்லை, சாலையில் நடந்தது.

ஆஸ்பத்திரியைக் கட்டிக் கதவைத் திறந்து வைத்தால் போதும், நோயாளிகள் வருவார்கள் என்பது நகரத்து நினைப்பு. வந்தவர்களும் உண்டு. ஆனால் பாதிப் பேர் காலம் கடந்து வந்தார்கள். வராதவர்கள் அதைவிட அதிகம். சில வருஷங்களுக்குள் டாக்டர் ஐடாவுக்கு ஒன்று தெளிவாயிற்று. நோயாளி வரமுடியாவிட்டால் டாக்டர் போகவேண்டியதுதான். வாரத்தில் ஒரு நாள் குடியாத்தத்துக்கு வண்டி புறப்பட்டது. ஏறக்குறைய இருபது மைல். முதலில் மாட்டு வண்டி, குதிரை வண்டி, பிற்பாடு மோட்டார். வழியில் ஒவ்வொரு மரத்தடியாக வண்டி நிற்கும். மருந்துப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு டாக்டர் நிற்பார். சொறி சிரங்கு, கண்நோய், ஆறாத புண், குழந்தையின் வயிற்றுப்போக்கு, தொழுநோய் எல்லாம் அந்த மரத்தடியில் வரிசையில் நிற்கும். 'ரோட்சைட்' என்றே இதற்குப் பெயர் வந்துவிட்டது.

1918-இல் டாக்டர் ஐடா பெண்களுக்கென்று ஒரு வைத்தியப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். சென்னை ராஜதானியின் சர்ஜன் ஜெனரலுக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆறு பேர் விண்ணப்பம் போட்டால் நடத்திக்கொள்ளுங்கள் என்று சொன்னாராம். அவர் நினைத்ததைக் காட்டிலும் பல மடங்கு விண்ணப்பங்கள் வந்தன. முதல் வகுப்பிலிருந்து 14 பெண்கள் 1922-இல் டாக்டர்களாக வெளியே வந்தார்கள். அந்தக் காலத்தில் நம் வீடுகளில் பெண்ணைப் படிக்க வைப்பதற்கே எவ்வளவு யோசித்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த 14 சின்ன எண்ணிக்கை ஆகாது.

அந்தப் பெண்களும் குடியாத்தம் வண்டியில் ஏறினார்கள். வைத்தியப் படிப்பு என்பதற்கு அங்கே வேறு அர்த்தம் உண்டாயிற்று. "சாப்பாட்டுக்குப் பிறகு தினம் மூன்று வேளை" என்று மருந்துச் சீட்டில் எழுதுகிறோம். ஒரு வேளை கஞ்சி குடிக்கிறவள் அந்தச் சீட்டை என்ன செய்வாள்? புண்ணைச் சுத்தமான தண்ணீரில் கழுவச் சொல்கிறோம். சேரிக்குக் கிணறே இல்லை என்றால்? இந்தக் கேள்விகள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. மரத்தடியில் மட்டுமே இவை பாடமாக வரும். அங்கே கற்றுக் கொடுப்பவர் நோயாளி, கற்றுக்கொள்பவர் டாக்டர். திண்டிவனத்தில் அந்த இரவில் நடந்ததும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று வீடுகள் ஒரு பெண்ணுக்குப் பாடம் சொல்லின. என்ன, அந்தப் பாடத்துக்கு அவை கொடுத்த விலை மிக அதிகம்.

கல்வியையும் ஊர்த்தொண்டையும் சேர்த்துப் பின்னும் இந்த முறைக்கு இன்று உலகச் சர்வகலாசாலைகளில் தனிப் பெயர் உண்டு. 'சேவைவழிக் கற்றல்' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அமெரிக்காவில் அந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தது 1960-களின் பிற்பகுதியில். நம் நாட்டில் காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பரில் 37 சர்வகலாசாலைகளில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கிற்று. பெயர் வைப்பதற்கு வெகு காலம் முன்பே குழந்தை குடியாத்தம் சாலையில் ஓடியாடிக்கொண்டிருந்தது.

இந்தக் கலாசாலை ஆரம்பத்திலிருந்தே பல தேசங்கள் சேர்ந்து இழுத்த தேர். அமெரிக்கா, இங்கிலாந்து முதலிய தேசங்களின் பல சபைகள் பணமும் ஆளும் தந்தன. 1938-க்குப் பிறகு, பழைய டிப்ளமாப் படிப்பு போதாது, எம்.பி.பி.எஸ். தரம் வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டபோது, கலாசாலை மூடப்படும் நிலைமை வந்தது. எழுபது வயதை எட்டிய டாக்டர் ஐடா அமெரிக்கா சென்று ஊர் ஊராகப் பணம் சேர்த்தார். 1942-இல் எம்.பி.பி.எஸ். படிப்பு வந்தது, 1947-இல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். 1940-களின் இறுதியில் தலைமைப் பொறுப்பு டாக்டர் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண்மணியிடம் வந்தது. டாக்டர் ஐடா 1960 மே மாதம் கொடைக்கானலில் காலமானார்.

சர்வதேசக் கல்வி என்றால் மேல்நாட்டான் கொடுக்க, நாம் வாங்கிக்கொள்வது என்றுதான் பொதுவாக எண்ணுகிறோம். வேலூரில் அந்த வண்டி எதிர்த் திசையிலும் ஓடிற்று. அதற்கு டாக்டர் பால் பிராண்டின் கதையே சாட்சி.

பிராண்ட் 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்த இங்கிலீஷ்காரர். 1946-இல் அறுவை வைத்தியராக வேலூருக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மடங்கிப்போன விரல்களோடு இருந்த நோயாளிகளைக் கண்டார். அந்தக் கைகளில் ஒன்றைப் பிடித்துப் பார்த்தவர், அதில் இன்னும் பலம் இருப்பதை உணர்ந்து திடுக்கிட்டார். சில தசைகள் செத்திருந்தாலும் மற்றவை உயிரோடு இருந்தன. அப்படியானால் உயிரோடு இருக்கும் தசையின் நாணை எடுத்துச் செத்த தசையின் வேலைக்கு மாற்றி வைக்கலாமே! 1948-இல் வேலூரில் அந்த அறுவை தொடங்கியது. தொழுநோயாளிகளின் கையைச் சீராக்கும் இந்த வைத்தியத்துக்கு உலகத்தில் அதுவே ஆரம்பம்.

கதை இங்கே முடிந்திருந்தால் அது வைத்தியக் கதை. ஆனால் விரல் நிமிர்ந்தவர்களில் சிலர் திரும்பி வந்து குறை சொன்னார்கள். கை கோணலாக இருந்தவரையில் பிச்சை விழுந்தது. இப்போது கை நன்றாக இருக்கிறது, பிச்சையும் இல்லை, தொழுநோய் வந்தவன் என்று வேலை கொடுப்பாரும் இல்லை என்றார்கள். அறுவை வைத்தியருக்கு இதைவிடக் கசப்பான பாடம் கிடையாது. 1951-இல் கலாசாலை நிலத்திலேயே 'நவ ஜீவ நிலயம்' என்ற சின்னக் குடியிருப்பு உண்டாயிற்று. அங்கே நோயாளிகள் தச்சு வேலை முதலிய தொழில்களைக் கற்றார்கள். கையைத் திருத்திய பிறகு பிழைப்பையும் திருத்தவேண்டும் என்று நோயாளிகளே டாக்டருக்குக் கற்பித்துவிட்டார்கள்.

அடுத்த பாடம் காலிலிருந்து வந்தது. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதாகவே உலகம் நம்பியிருந்தது. உணர்ச்சி அற்றுப்போவதே உண்மையான எதிரி என்று பிராண்டும் அவர் தோழர்களும் கண்டுகொண்டார்கள். செருப்பில் ஆணி துருத்தினாலும் தெரியாது. கொப்புளத்தின் மேலேயே நடந்தாலும் தெரியாது. வலி என்பது எவ்வளவு பெரிய காவல்காரன் என்பதை, அதை இழந்தவர்களைப் பார்த்துத்தான் உலகம் அறிந்தது. ஆகவே பாதத்தின் பாரத்தைச் சீராகத் தாங்கும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்துச் செருப்புகள் செய்தார்கள். 1955-இல் தோன்றிய கரிகிரி ஆராய்ச்சி நிலையம் இந்தப் பணியை வளர்த்தது. 1966-இல் பிராண்ட் அமெரிக்காவில் லூசியானா மாகாணத்திலிருந்த கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குச் சென்றபோது இந்த அறிவும் கூடவே போயிற்று. நீரிழிவு வந்து கால் மரத்துப்போன அமெரிக்கர்களின் பாதங்களைக் காப்பதற்கு அது உதவிற்று. வட ஆற்காட்டு ஏழையின் புண், அமெரிக்கப் பணக்காரனின் காலைக் காப்பாற்றியது.

பிராண்டின் மாணவியரில் டாக்டர் மேரி வர்கீஸைச் சொல்லாமல் விடமுடியாது. 1954-இல் ஒரு மோட்டார் விபத்தில் அவருடைய முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே அசைவற்றுப்போயிற்று. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அவர் அறுவை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு வைத்தியம் கற்று வந்து, வேலூரில் அதற்கென்று ஒரு துறையையே வளர்த்தார். நடக்கமுடியாத டாக்டர் சொன்னால், நடக்கமுடியாத நோயாளி கேட்பான்.

செருப்பைப் பற்றிச் சொன்னதும் தோலைப் பற்றிச் சொல்லாமல் இருக்கமுடியாது. வேலூரிலிருந்து மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு. கிழக்கே மேல்விஷாரம், ராணிப்பேட்டை. இது நாட்டின் பெரிய தோல் சீமைகளில் ஒன்று. பழைய காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக் கணக்கில் ஊறவைத்துத் தோல் பதனிட்டார்கள். அரைப் பதத்தில் அது லண்டன் சந்தைக்குக் கப்பலேறும். அந்தப் பணமும் கல்வியாயிற்று என்பதை மறக்கக்கூடாது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் தோன்றியது. மேல்விஷாரத்துத் தோல் வியாபாரியும் கொடையாளியுமான நவாப் சி. அப்துல் ஹக்கீமின் பெயரால் 1965-இல் ஒரு கல்லூரி. ஆம்பூரில் 1969-இல் மஸ்ஹருல் உலூம் கல்லூரி. வேலூருக்கு அமெரிக்கக் காணிக்கைத் தட்டில் கல்வி வந்தது. பக்கத்து ஊர்களுக்குத் தோல் மண்டிக் கணக்கிலிருந்து வந்தது.

1970-களின் தொடக்கத்தில் மத்திய அரசு அரைப் பதத் தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. முழுப் பதத் தோலாகவும் ஷூவாகவும் அனுப்பினால் நாட்டுக்கு லாபம், ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை. கணக்குச் சரிதான். ஆம்பூர் ஷூ ஐரோப்பாவின் கால்களில் ஏறியது. ஆயிரக்கணக்கான பெண்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனார்கள். ஆனால் வாரக்கணக்கு வேலையைச் சீக்கிரமாக முடிக்கும் குரோம் உப்பு தோல் ஷாப்புகளில் அதிகமாகப் பரவிற்று. கழிவு நீர் நிலத்துக்கும் பாலாற்றுக்கும் போயிற்று. வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலுக்குச் சராசரி 35 லிட்டர் தண்ணீர் என்றும், தோல் சீமையில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமோ ஓரளவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்றும் அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. கெடுத்தவனே கெடுதிக்கு விலை கொடுக்கவேண்டும் என்ற நியாயம் இந்திய நீதிமன்றங்களில் வேரூன்றியது வேலூர் வழக்கினால்தான். 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் இதே பாலாற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது என்றால், வியாதி இன்னும் தீரவில்லை என்றுதானே பொருள்?

வைத்தியக் கலாசாலையைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று வாசகர் கேட்கலாம். காரணம் உண்டு. கிராமத்துக்கு வரும் மாணவன் ஒருத்தியின் வயிற்று வலிக்கு மருந்து கொடுக்கிறான். அவள் குடிக்கும் கிணற்றை எட்டிப் பார்க்காமல் திரும்பினால் அவன் பாதிதான் படித்திருக்கிறான். எட்டிப் பார்த்தால், அந்தக் கிணற்றுக்கு மருந்து தன் பெட்டியில் இல்லை என்று தெரியும். அவளுடைய மகளின் சம்பளமும் அதே தோலிலிருந்து வருகிறது என்பதும் தெரியும். நோய் எங்கே முடிகிறது, பிழைப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு கிழிக்கமுடியாத இடம் அது. இருபது வயதில் அந்த இடத்தில் ஒரு தடவை நிற்கவேண்டும். அதற்காகத்தான் இந்தக் கல்வி.

சி.எம்.சி.யில் முதல் வருஷ மாணவர்கள் இன்றும் சில வாரங்கள் கிராமத்தில் தங்குகிறார்கள். வருங்கால டாக்டரும் நர்ஸும் சேர்ந்து வீடு வீடாகச் சென்று, எத்தனை பேர், என்ன வேலை, என்ன சாப்பாடு, எங்கே தண்ணீர் என்று விசாரித்துக் கணக்கெடுக்கிறார்கள். பின் வருஷங்களில் மறுபடியும் கிராமத்துக்கு வருகிறார்கள். கணியம்பாடி வட்டாரத்தைக் கலாசாலையின் சமுதாய நலத் துறை நெடுங்காலமாகக் கவனித்து வருகிறது. 1977-இல் கே.வி.குப்பத்தில் 'ருஷா' என்ற கிராம நல நிலையம் ஏற்பட்டது. வைத்தியத்தோடு தொழிற்பயிற்சி, பெண்கள் முன்னேற்றம் எல்லாம் அதில் சேர்ந்தவை. மக்களின் ஆரோக்கியம் கிராமத்திலிருந்துதான் கட்டப்படவேண்டும் என்று உலக நாடுகள் அல்மா-ஆடா நகரில் கூடி அறிக்கை விட்டது அடுத்த வருஷம், 1978-இல். கே.வி.குப்பம் இருப்பதும் குடியாத்தம் போகும் வழியில்தான்.

இப்போதெல்லாம் வெளிநாட்டு மாணவர்களும் சில வாரம் தங்கிப் பார்த்துப் போக வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிடவேண்டும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் புதுப்புது முகங்கள் வந்து, வீட்டில் எத்தனை பேர், மாடு உண்டா, கக்கூஸ் உண்டா என்று கேட்கின்றன. "போன வருஷம் வந்த பிள்ளைகளும் இதைத்தானே கேட்டாங்க! அவங்க எழுதின நோட்டு என்னாச்சு?" என்று பாட்டி திருப்பிக் கேட்டால் பதில் வேண்டுமல்லவா? மாணவனுக்கு மார்க்கும், வெளிநாட்டானுக்குப் புகைப்படமும், பாட்டிக்கு வெறும் கேள்வியும் மிஞ்சுமானால் அதைத் தொண்டு என்று சொல்லமுடியாது. சுற்றுலா என்றுதான் சொல்லவேண்டும். மாணவன் போன பிறகும் அங்கே ஒரு நர்ஸ் இருக்கிறாளா, ஒரு மருந்தகம் திறந்திருக்கிறதா என்பதே சோதனை. கணியம்பாடியிலும் கே.வி.குப்பத்திலும் நிலையான ஆட்களும் நிலையான கட்டடமும் இருப்பதனால்தான் மாணவர்களின் சில வாரத்துக்கு மதிப்பு உண்டாகிறது.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. தொண்டுக்கு ஏற்ற ஆளை எப்படிப் பொறுக்குவது? சி.எம்.சி. தன் மாணவர்களைத் தானே நேரில் பார்த்து, பேசிப் பழகித் தேர்ந்தெடுத்து வந்தது. அனுப்பிய சபைகளின் ஆஸ்பத்திரிகளில் படிப்பு முடிந்ததும் இரண்டு வருஷம் வேலை செய்யவேண்டும் என்பது ஏற்பாடு. நாடு முழுவதற்கும் 'நீட்' என்ற ஒரே பரீட்சை வந்தபோது, 2017-இல் அந்தக் கலாசாலை எம்.பி.பி.எஸ். வகுப்பின் 100 இடங்களில் ஒரே ஒரு மாணவரை மட்டும் சேர்த்துக்கொண்டு, மற்ற இடங்களைக் காலியாக விட்டது. மார்க்கை மட்டும் பார்த்து எடுத்தால் கிராமத்துக்குப் போகிற மனம் யாரிடம் இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்பது அதன் வாதம். நேரில் பார்த்து எடுப்பது என்று விட்டால், கல்வியை விலைக்கு விற்கிறவர்களும் அந்தக் கதவாலேயே நுழைவார்களே என்பது எதிர்வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு, பரீட்சை எல்லாருக்கும் பொது என்று முடிவு சொல்லிவிட்டது.

சட்டப்படி அது முடிந்த விஷயம். மனசுக்குள் முடியாத விஷயம். என் அபிப்பிராயம் இதுதான்: தொண்டு மனம் என்பது பிறவியிலேயே ஒட்டிக்கொண்டு வருவதில்லை. திண்டிவனத்துக்கு வந்த ஐடாவை அந்த ராத்திரிக்கு முந்தின நாள் நேர்முகம் கண்டிருந்தால் எந்தக் கலாசாலையும் அவரைச் சேர்த்திருக்காது. எனக்கு இந்த ஊரில் இஷ்டமில்லை, அமெரிக்கா போகிறேன் என்றுதான் அவர் சொல்லியிருப்பார். மூன்று கதவுத் தட்டல்கள் அவரை மாற்றின. ஆகவே யார் எந்த வழியாக உள்ளே வந்தாலும், வந்த பிறகு அவர்கள் காதில் அந்தத் தட்டல் விழும்படி செய்வது கலாசாலையின் பொறுப்பு. அதற்கு அது கண்டுபிடித்த உபாயம் மாணவனைக் கிராமத்துக்கு அனுப்புவது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் அதைவிட நல்ல உபாயத்தை யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

குடியாத்தம் சாலையில் இப்போது லாரிகளும் கல்லூரி பஸ்களும் பறக்கின்றன. டாக்டர் ஐடாவின் வண்டி நின்ற மரங்களில் பல சாலையை அகலப்படுத்தும்போது போயிருக்கும். ஆனால் அந்தச் சாலையின் இருபுறமும் உள்ள கிராமங்களில் காய்ச்சலோடு ஒரு குழந்தையும், விலை சொல்லாமல் பாடம் சொல்லித்தர ஒரு தாயும் இன்றும் காத்திருக்கிறார்கள். இறங்கிப் போகிற மாணவன் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டுவதற்கு முன்னால், அவள் சொல்வதைக் கொஞ்ச நேரம் வெறும் காதால் கேட்டால் போதும்.